பங்குக்கு வைத்த நாலு கடைகள்

தன் கணவனின் அண்ணன் சந்திரனை ஒருநாள் தலையில் கைவைத்து உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று இளவேனில் கங்கணம் கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. பொதுவாகக் கோபம் வந்தால் பாத்திரம் உருளும், கதவு அறையும், இரண்டு நாளில் எல்லாம் ஆறிவிடும். இவளுடைய கோபம் அந்த ரகம் இல்லை. மாமா சாப்பிட்டீங்களா, அக்கா பால் வாங்கணுமா என்று சிரித்த முகத்தோடு விசாரித்துக்கொண்டே உள்ளே கொதிக்க விட்டுக் காத்திருக்கும் ரகம். இப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சந்திரனுக்கு அது தெரியவில்லை.

பெங்களூர் ஈஜிபுராவில் மூன்று அடுக்கு வாடகை வீடு. கீழே குடோனும் ஆறு தையல் மெஷின்களும். நடு மாடியில் சந்திரன், அவர் மனைவி அம்புஜம், கல்லூரியில் படிக்கும் மகள் நிருபமா. மேல் மாடியில் இளவேனிலும் கவியரசனும். குடியாத்தத்திலிருந்து பிழைக்க வந்த இந்த அண்ணன் தம்பிக்குச் சேர்த்து நாலு வெப்சைட் இருந்தது. வீட்டில் யாரும் அதை வெப்சைட் என்று சொல்வதில்லை, கடை என்றுதான் சொல்வார்கள். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் விற்பது ஒரு கடை, கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை விற்பது ஒரு கடை, சீர்வரிசைத் தட்டுக்கு ஒன்று, கொலு பொம்மைக்கு ஒன்று.

முதலில் வந்தது வளையல் கடை. கல்யாணமாகி வந்த வருஷமே, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, இளவேனில் தானாகக் கட்டிய கடை அது. பச்சையும் சிவப்புமாக வளையல்களை ஜன்னல் வெளிச்சத்தில் அடுக்கிப் படம் எடுத்தாள். முகப்பில், இரண்டு கை நிறைய வளையலோடு சிரிக்கிற தன் படத்தைப் போட்டு, 'இந்தக் கடையை நடத்துபவர் இளவேனில்' என்று எழுதினாள். அது ஓடுவதைப் பார்த்துத்தான் மற்ற மூன்று கடைகளும் பிறந்தன. அவற்றைக் கட்டியதும் அவள்தான். சரக்கு பிடிப்பதும், மண்டபத்து மேனேஜர்களிடம் கன்னடத்தில் பாதி உருதுவில் பாதி குழைந்து ஆர்டர் வாங்குவதும் சந்திரனின் பங்கு. அதில் அவர் சூரர். கவியரசன் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். லீவு நாளில் இவளுக்கு ஒத்தாசை செய்வான்.

போன ஐப்பசியில், ஐந்தாம் மாதத்தில், இளவேனிலுக்கு வயிற்றில் இருந்த குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாள். கட்டிலில் படுத்தபடி, மனதைத் திருப்ப எதையாவது பார்க்கலாம் என்று தன் கடையைப் போனில் திறந்தாள். அவள் படம் இல்லை. பெயரும் இல்லை. அந்த இடத்தில் அம்புஜம் பட்டுப்புடவையில், ஒரு தட்டு வளையலை ஏந்திக்கொண்டு நின்றாள். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் கடையின் பாஸ்வேர்டும் மெயிலின் பாஸ்வேர்டும் மாறியிருந்தன.

அம்புஜமே படியேறி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கம் சொன்னாள்.

"தப்பா நினைக்காத இளா. வாங்க வர்றவங்க எல்லாம் புள்ளத்தாச்சிங்க. விஷயம் தெரிஞ்ச நாலு பேர் உன் மூஞ்சியப் பார்த்தா மனசுக்கு ஒரு மாதிரி ஆகும் இல்ல? நல்ல காரியம் பாரு."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். அதைத் தலையைத் தடவிக்கொண்டே செய்ய முடியும் என்று இளவேனில் அன்றுதான் தெரிந்துகொண்டாள். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மாத்திரைச் சீட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் ஏதோ நினைச்சு பண்ணிட்டாரு. நிருபமாவை விட்டு மாத்தச் சொல்லியிருப்பாரு. விடு. முதல்ல உடம்பப் பாரு," என்றான்.

அவள் விடவில்லை. பத்து நாளில் எழுந்து குடோனுக்குப் போனாள். வளையல் பக்கம் போகாதே, பை மடித்தால் போதும் என்றார்கள். மடித்தாள். வளையல் பெட்டிகளை அம்புஜம் கட்டி அனுப்பினாள், பாதி வழியிலேயே உடைந்து திரும்பி வந்தன. இளவேனில் அதைப் பார்த்துக்கொண்டே பை மடித்தாள். ஒவ்வொரு பையை மடிக்கும்போதும், என் பெயரை எடுத்தவனை நான் எடுக்காமல் விட மாட்டேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். தாம்பூலப் பைகளுக்கு இப்படி ஒரு மந்திரம் ஓதி அனுப்பிய கை வேறு எங்கும் இருந்திருக்காது.

ஆனி மாதம் சந்திரனே வாய்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். குடோனில் பாய் விரித்து எல்லாரையும் கூப்பிட்டார்.

"இனிமே நாலு கடையும் ஓட்ட முடியாது. பெரிய கம்பெனிக்காரன் பத்து நிமிஷத்துல வீட்டு வாசல்ல கொண்டாந்து கொடுக்கறான். நம்மகிட்ட ஆள் ஏது? ஆளுக்கு ஒரு கடையை வெச்சுக்கலாம். மீதி ரெண்டை மூடிடலாம். அண்ணன் தம்பி தனித்தனியா இருந்தா உறவாவது மிஞ்சும்."

பங்கு பிரிக்க அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கை வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எடுப்பது தம்பி என்பதால் அண்ணன் ஓரவஞ்சனை இல்லாமல் வைப்பான் என்பது ஏற்பாடு. நிலத்துக்கும் மாட்டுக்கும் அது சரியாகத்தான் இருந்திருக்கும். சந்திரனுக்கு அது ஒரு தடையே இல்லை.

தையல்காரப் பெண்களில் மூத்தவளான கிருஷ்ணம்மாள் கோலார் தங்கவயல்காரி. யாருக்கும் பயப்படாதவள். அவள்தான் முதல் நாள் இளவேனிலைத் தனியாக இழுத்துச் சொன்னாள்.

"மண்டபத்துக்காரங்களுக்கெல்லாம் உங்க மாமா சொந்த நம்பர் குடுத்துக்கினு இருக்காரும்மா. இனிமே கடைக்கு வராதீங்க, எனக்கே போன் போடுங்கன்றாரு. பைக் கடையை நீங்க எடுத்தீங்கன்னு வெய்யி, வெறும் டப்பாதான் உங்க கைல. அவரு தட்டுக் கடையை எடுத்துக்கினு பையும் விப்பாரு."

"நாங்க தட்டுக் கடையை எடுத்தா?"

"பைக் கடை அவருக்கு. எப்படிப் பார்த்தாலும் அவருக்குத்தான் லாபம். சும்னே ஏமாந்துடாதம்மா."

எந்தப் பக்கம் தூக்கிப் போட்டாலும் பூனை காலூன்றித்தான் நிற்கும். இளவேனில் கிருஷ்ணம்மாளின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பாய் மேல் நாலு சாமான் வைக்கப்பட்டன. ஒரு பை, ஒரு தட்டு, ஒரு பொம்மை, ஒரு பெட்டி வளையல். சந்திரன் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எந்தக் கடையை யார் எடுக்கிறாரோ அந்தக் கடையின் பெயரில் உள்ள போன் நம்பர், மெயில், சரக்கு எல்லாம் அவருக்கே சொந்தம். பின்னால் அது என்னுடையது, இது என்னுடையது என்று ஒருவரும் படியேறி வரக் கூடாது.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? அப்புறம் பேச்சு இருக்கக் கூடாது," என்றார்.

மெயில் என்ற சொல் காதில் விழுந்ததும் இளவேனில் காதைத் தீட்டிக்கொண்டாள். வளையல் கடை முதலில் வந்தது என்பதால், பின்னால் வந்த மூன்று கடைகளையும் அவள் அந்தக் கடையின் மெயில் விலாசத்திலேயே பதிந்திருந்தாள். எந்தக் கடையின் பாஸ்வேர்டு மறந்தாலும் புதியது அங்கேதான் வரும். எந்தக் கடைக்கு ஆர்டர் வந்தாலும் சேதி அங்கேதான் வரும். நாலு வீட்டுக்கும் மெயின் ஸ்விட்ச் ஒரு வீட்டுக்குள் இருப்பது போல. இதை யோசிக்காமல் சந்திரன் தன் கையாலேயே எழுதி வாங்கி வந்திருக்கிறார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

"பையை எடு," என்று கவியரசன் அவள் காதில் முணுமுணுத்தான்.

"நானே எடுக்கட்டுமா மாமா?" என்றாள் சந்திரனிடம்.

"தம்பி எடுத்தா என்ன, தம்பி பொண்டாட்டி எடுத்தா என்ன? எடும்மா."

அவள் குனிந்து வளையல் பெட்டியை எடுத்தாள்.

அம்புஜத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெட்டியை இளவேனில் தொடவே மாட்டாள் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். சந்திரனுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். தம்பி மனசு மாறுவதற்குள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார். போட்டார்கள். கிருஷ்ணம்மாள் சாட்சி.

"பைத்தியமா உனக்கு?" என்றான் கவியரசன், மாடிக்கு வந்ததும்.

"எனக்குப் பிடிச்சது அதுதான். மெயில் பாஸ்வேர்டை உங்கண்ணன்கிட்ட வாங்கிக் கொடுங்க."

அவன் கீழே இறங்கிப் போனான். கால் மணி நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான்.

இளவேனில் உடனே எதுவும் செய்யவில்லை. கொலு பொம்மைக் கடையையும் தட்டுக் கடையையும் மூடினார்கள். வளையல் கடையில் பழைய விலைகளைத் திருத்தினாள், உடையாமல் கட்டும் விதத்தைச் சரிசெய்தாள். முகப்பில் இருந்த அம்புஜத்தை எடுத்தாள், ஆனால் தன்னை வைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டாள். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. பெங்களூரில் வரமகாலட்சுமி வெள்ளி என்றால், வீட்டுக்கு வீடு சுமங்கலிகளைக் கூப்பிட்டுத் தாம்பூலம் கொடுப்பார்கள். வருஷத்தில் பைக் கடை மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும் வாரம் அது. அந்த வாரத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார். பூமி வேண்டாம், சந்திரனின் அந்த ஒரு வாரம் போதும் அவளுக்கு.

அந்தத் திங்கட்கிழமை காலை, இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு, மெயிலைத் திறந்து, பைக் கடையின் பாஸ்வேர்டை மாற்றினாள். கடையின் முகப்பில் ஒரே ஒரு வரி வைத்தாள்: 'கடை மூடப்பட்டுள்ளது.' பிறகு இட்லியை எடுத்து, சட்னி அரைத்து, கணவனுக்கு வைத்துத் தானும் சாப்பிட்டாள். ஒன்பது மாதத்தில் அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டதே இல்லை.

பத்து மணிக்குப் படியில் சத்தம் கேட்டது. சந்திரன் மேலே வந்தார், பின்னால் அம்புஜம், அவளுக்குப் பின்னால், வேடிக்கையைத் தவறவிட மனசில்லாமல் கிருஷ்ணம்மாள். கவியரசனுக்கு அன்று மதியம்தான் கம்பெனி வண்டி வரும். அவனும் வீட்டில் இருந்தான்.

"இளவேனிலு, கடை மூடியிருக்குன்னு போன் மேல போன் வருதும்மா. நிருபமா என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டா, உள்ளயே போக முடியல. என்னான்னு பாரு," என்றார் சந்திரன். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

"பார்க்க என்ன இருக்கு மாமா? நான்தான் மூடினேன்."

"நீயா?"

"அந்தக் கடைக்குச் சாவி என் மெயில்ல இருக்கு. மெயிலும் எடுத்தவங்களுக்கேன்னு நீங்கதானே எழுதிட்டு வந்தீங்க? படியேறி வரக் கூடாதுன்னும் நீங்கதான் எழுதினீங்க. இப்ப நீங்கதான் படியேறி வந்திருக்கீங்க."

அம்புஜம் கையை உதறினாள். "நல்ல நாள் வாரத்துல வயித்துல அடிக்கறியேடி. உனக்கே இது நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா," என்றாள் இளவேனில். உண்மையாகவே அவளுக்கு வயிறு குளிர்ந்திருந்தது. "உங்க கடை. ஆனா உங்களால உள்ள போக முடியல. எப்படி இருக்கு? எனக்கும் ஆஸ்பத்திரியில இருந்து வந்து பார்த்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. என் பேரை எடுத்துப் போட்டு என்னை வெளிய தள்ளினீங்களே மாமா, அன்னைக்கு யோசிச்சீங்களா?"

சந்திரன் விழித்தார். நடிப்பு அவருக்கு வரும், ஆனால் இது நடிப்பு இல்லை. கெட்டவன்கூடத் தான் செய்யாததைச் சொன்னால் முகத்தில் ஒரு வெறுமை வரும். அந்த வெறுமை அவர் முகத்தில் வந்தது.

"நான் எங்கம்மா எடுத்தேன்? எனக்கு அதுக்குள்ள போகவே தெரியாதே."

"நிருபமாவை விட்டு."

"அவளுக்கு அந்த வாரம் பூரா பரீட்சை. ஆஸ்பத்திரிப் பக்கமே வரல அவ." அவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். "டேய் கவி, நீ சொல்லவே இல்லியா?"

கவியரசன் தரையைப் பார்த்தான்.

"உன்னை உள்ள கூட்டிட்டுப் போயிருந்தாங்க," என்றார் சந்திரன். "நாங்க வெளிய வராண்டால உக்காந்திருந்தோம். அம்புஜம் வாய் சும்மா இருக்காதே, வளையல் கடைல இனிமே இளா படம் இருந்தா நல்லாவா இருக்கும்னா. நான் அதட்டினேன். முதல்ல பொண்ணு பொழைச்சு வரட்டும்னேன். நான் டீ வாங்கப் போய்ட்டு வர்றதுக்குள்ள இவன் போனை எடுத்து எல்லாத்தையும் மாத்திட்டான். முடிச்சுட்டேன் அண்ணான்னு காட்டினான். அப்படியே விட்டது என் தப்புதான்டா, ஆனா நீ பண்ணதை என் தலையில ஏன்டா கட்டுன?"

இளவேனில் மடிக்கணினியைத் திறந்தாள். கடையில் எதை மாற்றினாலும், எந்தப் போனிலிருந்து, எத்தனை மணிக்கு என்று மெயிலுக்கு ஒரு சேதி வரும். எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் அவள் இதுவரை தேடிப் பார்த்ததில்லை. ஐப்பசி மாதத்துச் சேதிகளுக்குப் போனாள். பதினொன்று இருபது: முகப்புப் படம் மாற்றப்பட்டது. பதினொன்று இருபத்திரண்டு: பெயர் நீக்கப்பட்டது. பதினொன்று இருபத்தைந்து: பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. மூன்றுக்கும் நேரே கவியரசனின் போன்.

பதினொரு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது கையில் இருந்த வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். அவற்றை அவன் வாங்கிக்கொண்டு, பயப்படாதே, நான் இங்கேயே உட்கார்ந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பேன் என்று சொன்னான். இருபது நிமிஷம் கும்பிட்டிருக்கிறான்.

"இளா, அண்ணி சொன்னதும் எனக்குப் பயமாயிடுச்சு. யாராவது ஏதாவது எழுதிட்டா உனக்குத்தானே கஷ்டம். உன் நல்லதுக்குத்தான்..."

"சரி. அப்போ ஏன் உங்கண்ணன் பேர்ல போட்டீங்க?"

ஒன்பது மாதமாக அவள் சந்திரனை வெறுத்துக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, விடு விடு என்று தேற்றியிருக்கிறான். அவள் மெயில் பாஸ்வேர்டு கேட்டபோது கீழே இறங்கிப் போய், தன் பாக்கெட்டில் இருந்ததையே சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். அந்தக் கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தானோ என்னவோ. சந்திரன் மேல் இருந்த கோபம் அப்படியே பெயர்ந்து இடம் மாறுவதை அவள் உணர்ந்தாள். கொஞ்சம்கூடக் குறையாமல்தான் மாறியது.

அவள் பைக் கடையைத் திறந்துவிட்டாள். புதிய பாஸ்வேர்டை எழுதிச் சந்திரனிடம் நீட்டினாள்.

"இனிமே உங்க கடைக்கு வேற மெயில் வெச்சுக்கங்க மாமா. மண்டபத்து நம்பர் விஷயமும் எனக்குத் தெரியும். கிருஷ்ணம்மா கூட்டத்துக்குப் பண்டிகை வேலை போகக் கூடாதுன்னு தர்றேன், உங்களுக்காக இல்ல." பிறகு அம்புஜத்தைப் பார்த்தாள். "உங்க வாய்க்கு வேற ஒரு நாள் இருக்குக்கா."

இருவரும் இறங்கிப் போனார்கள். கிருஷ்ணம்மாள் மட்டும் நிலைப்படியில் நின்று கவியரசனை ஏற இறங்கப் பார்த்து, "தூ" என்று ஓசை மட்டும் எழுப்பிவிட்டுப் போனாள்.

"இப்ப நாம பேசிக்கலாம் இளா," என்றான் அவன்.

"பேச ஒண்ணும் இல்ல. உக்காருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். வளையல் கடையின் முகப்பு திறந்திருந்தது. "என் படத்தை நீங்கதானே எடுத்தீங்க. நீங்களே வைங்க."

அவன் வைத்தான். கை நிறைய வளையலோடு ஆறு வருஷத்துக்கு முந்தைய இளவேனில் மறுபடியும் சிரித்தாள்.

"கீழ எழுதுங்க. நான் சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். 'இந்தக் கடையைக் கட்டியவரும் நடத்துபவரும் இளவேனில். குழந்தையை இழந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில், அவர் பெயரை இங்கிருந்து நீக்கிவிட்டு, பழியை அண்ணன் மேல் போட்டவன் நான். அவர் கணவன் கவியரசன்.'

கடைசிச் சொல்லுக்கு அவன் விரல் நின்றது.

"இளா, ஆபீஸ்ல பார்ப்பாங்க. ஊர்ல அப்பா அம்மா பார்ப்பாங்க."

"பார்க்கத்தானே கடை வெச்சிருக்கு. என் மூஞ்சியைப் பார்த்தா புள்ளத்தாச்சிங்களுக்கு ஆகாதுன்னு எடுத்தீங்கல்ல? இதையும் படிச்சிட்டு வாங்கறவங்க வாங்கட்டும். யாரும் வாங்கலேன்னாலும் பரவாயில்ல."

அவன் தன் பெயரை அடித்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, வெளியிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தாள், வரவில்லை.

"நிறைய பேர் பார்க்கறதுக்குள்ள எடுத்துடலாம் இல்ல? எத்தனை நாளைக்கு இது இருக்கணும்?"

"கடை இருக்கிற வரைக்கும்."

கடையின் வெப்சைட் பெயர் அடுத்த மாதம் காலாவதியாகிறது, புதுப்பிக்கவும் என்று மெயிலில் ஒரு சேதி வந்திருந்தது. அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து அதைத் திறந்தாள். ஒரு வருஷமா, இரண்டா, ஐந்தா, பத்தா என்று கேட்டது. இளவேனில் பத்தைத் தொட்டாள்.